நாகசுரம் கேட்டால் தலைவலி: குறை உங்கள் ரசனையில் இல்லை

மாமனார் காலையில் கைபேசியில் நாகசுரம் போட்டால் தலை வலிக்கிறது, "உனக்கு ரசனை இல்லை" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

முதல் குற்றவாளி கைபேசியின் ஒலிபெருக்கி. நாகசுரத்தின் வாயில் வைத்து ஊதும் பகுதியான சீவாளியில் பிறக்கும் நாதத்தில் மேல்சுரங்கள், அதாவது மூல சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள், மிக அதிகம். நம் காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைதான் மிகக் கூர்மையாகக் கேட்கும். சின்ன ஒலிபெருக்கி தவிலின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தையும் சுருதியின் அடிநாதத்தையும் விழுங்கிவிட்டு அந்தக் கூர்மையான மேல்சுரங்களை மட்டும் துப்புகிறது. பெரிய ஸ்பீக்கரில் இணையுங்கள். கைபேசியில் ஒலியைச் சீர்செய்யும் ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸை 4 முதல் 6 டெசிபல் குறையுங்கள். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் இன்னும் நல்லது. கோயில் வீதிக்கென்று பிறந்த வாத்தியம் அது, தூரம் அதற்கு அழகு.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லையா? அப்போது பழக்கம்தான் காரணமாக இருக்கும். பொலிவியாவின் பழங்குடிகளான சிமானே மக்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. நமக்கு நாராசமாகப் படும் சுரச் சேர்க்கையையும் இனிமையானதையும் அவர்கள் ஒரே அளவு ரசித்தார்கள். காதுக்கு எது இனிமை என்பதில் வளர்ந்த சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேட்டுப் பழக, கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) நிறைந்த தோடி ராகத்தில் தொடங்காதீர்கள். புதிய காதுக்கு அது சுருதி விலகுவது போலவே கேட்கும். ஐந்தே சுரமுள்ள மோகன ராகத்தில், தவில் சேராத ஆலாபனையை (தாளமில்லாமல் ராகத்தை விரித்து வாசிப்பதை) ஐந்து நிமிடம் மட்டும் கேளுங்கள். தலைவலி தொடர்ந்தால், அல்லது தட்டு உரசும் சத்தம்கூட வலித்தால், காது மருத்துவரைப் பாருங்கள்.