30 கியூபிட்டில் நின்றுபோகும் மடிக்கணினி

கேள்வி: குவாண்டம் கணினி ஆய்வாளராக வர விருப்பம். 8 ஜிபி நினைவக மடிக்கணினியில் கிஸ்கிட் (குவாண்டம் சுற்றுகளை எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) பழகுகிறேன். 25 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) ஓடுகிறது, 30 போட்டால் நின்றுவிடுகிறது. ஏன்?
– உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: மடிக்கணினியில் பிழையில்லை, தங்கச்சி. 30 கியூபிட்டின் முழு நிலையையும் வைத்திருக்க 107 கோடிக்கு மேல் சிக்கலெண்கள் தேவை. ஒன்றுக்கு 16 பைட், மொத்தம் 16 ஜிபி. ஒரு கியூபிட் கூட்ட, நினைவகம் இரட்டிக்கும். உங்களுக்கு 28தான் எல்லை. அதற்கே 4 ஜிபி போகும், பிரவுசரை மூடிவிடுங்கள்.

சுற்றில் எச், எஸ், சிநாட் கதவுகள் (கியூபிட்டின் நிலையை மாற்றும் செயல்கள்) மட்டும் என்றால் கிஸ்கிட்டின் ஏர் சிமுலேட்டரில், முழு நிலையையும் சேமிக்காத ஸ்டெபிலைசர் முறையைத் தெரிவுசெய்யுங்கள், நூறு கியூபிட்டும் ஓடும். ஒரு டி கதவு புகுந்தால் அந்த முறை சரிவராது.

ஆய்வாளர் பதவிக்குப் பெரும்பாலும் கலாநிதிப் பட்டம் கேட்பார்கள். இப்போதைக்கு இணைந்த கணிதத்தை விடாதீர்கள். தாயங்களும் சிக்கலெண்களும்தான் இங்கே அன்றாட வேலை.