இரண்டு அங்குல இடைவெளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுக்காட்சி வந்தது. புயலில் ஒரு வீட்டின் முகப்பு அப்படியே முன்னால் சாய்கிறது. கீழே நிற்கும் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் இருந்த இடத்தில் மாடி ஜன்னலின் ஓட்டை வந்து இறங்க, அவர் அசையாமல் தப்பிக்கிறார். அலுவலகத்தில் இதை வைத்து ஒரே சண்டை. ஒருவர் கேமரா தந்திரம் என்கிறார், இன்னொருவர் உயிரை வெறுத்த ஆள் என்கிறார். யூடியூபில் கேட்டால், குரல் சரியில்லாததால் பேசும்படம் வந்ததும் தூக்கி எறியப்பட்டார், கடைசியில் டிவி விளம்பரத்தில் நடித்துப் பிழைத்தார் என்கிறார்கள். எது உண்மை? இன்னொன்று: பள்ளி ஆண்டுவிழாவில் என் மகள் அவர் வேடம் போடுகிறாள். அந்தத் தட்டைத் தொப்பி எங்கே கிடைக்கும்?

கா., ஈரோடு

அன்புள்ள கா.,

தந்திரமும் இல்லை, உயிர்வெறுப்பும் இல்லை. அது தச்சு வேலை.

படம் 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'. சாக்ரமென்டோவில் ஆற்றங்கரையில் ஒரு ஊரையே செட் போட்டு எடுத்தார்கள். கதைப்படி முதலில் வெள்ளம்தான் வருவதாக இருந்தது. 1927இன் மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு அதை வைத்துச் சிரிக்கவைக்க முடியாது என்று புயலாக மாற்றினார்கள். சுவர் விழுந்த விதத்தைக் கீட்டனே பின்னாளில் ஒரு பேட்டியில் படிப்படியாக விளக்கியிருக்கிறார்.

முதலில் முகப்பின் மரச்சட்டம் மட்டும் செய்து, அடியில் உறுதியான கீல்கள் வைத்தார்கள். சட்டத்தைத் தரையில் படுக்கப்போட்டு, கீட்டனை நிறுத்தி, அவரைச் சுற்றி ஜன்னலைக் கட்டினார்கள். இரு தோள்களுக்கும் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் இடைவெளி; மேல்விளிம்பு தலையிலிருந்து இரண்டு அங்குலம், கீழ்விளிம்பு குதிகாலிலிருந்து இரண்டு அங்குலம். குதிகால் நிற்கவேண்டிய இடங்களில் பெரிய ஆணிகளை அடித்தார்கள். அதன்பிறகுதான் சட்டத்தை நிமிர்த்திப் பலகை அடித்தது, வண்ணம் பூசியது, பிய்ந்த விளிம்பு செய்தது, பின்னால் அறைகளை அமைத்தது எல்லாம்.

வழக்கமான மாடி ஜன்னல் பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கும். இங்கே கூம்பிய கூரை வைத்து அதைப் பதினெட்டு அடிக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கூட முக்கோணக் கணக்குதான். கீலிலிருந்து 18 அடி தள்ளி, ஐந்தரை அடி உயர ஆள் நிற்கிறார் என்றால் அவர் உச்சந்தலைக்கும் கீலுக்கும் இடையே 18.8 அடி. அதாவது காலும் தலையும் கடக்கச் சுவரில் பத்து அங்குல நீளம் போதும். உடலின் பருமனையும் இடைவெளியையும் கூட்டிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். ஆளுயர ஓட்டை வேண்டியதில்லை. ஜன்னல் உயர உயர, ஓட்டையைச் சிறிதாக வைக்கலாம், பார்ப்பவர் வயிறு கலங்கும்.

காற்றுதான் பெரிய தலைவலி. விமானத்துக்கான 'லிபர்ட்டி' என்ஜின் பூட்டிய ஆறு காற்றாடிகள் ஓடின. கீட்டனுக்கு முன்னாலும் வீட்டுக்குப் பின்னாலும் காற்று தெரியவேண்டும், ஆனால் விழும் சுவரின்மேல் ஒரு இழுப்பும் படக்கூடாது. பட்டால் சுவர் முறுக்கிக்கொள்ளும், ஜன்னல் நகர்ந்துவிடும். சுவரின் எடை இரண்டு டன் என்பார்கள். ஒரே டேக்கில் முடித்தார்கள்.

இது திடீரென்று தோன்றிய யோசனையும் அல்ல. 1919இல் நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளுடன் நடித்த 'பேக் ஸ்டேஜ்' குறும்படத்தில் மேடைத் தட்டி ஒன்று இப்படி விழுகிறது. 1920இல் 'ஒன் வீக்'கில் வீட்டுச் சுவர். ஒன்பது வருடம் ஒரே நகைச்சுவையை இழைத்து இழைத்துப் பெரிதாக்கியிருக்கிறார். வீடும் ஆளும் முழுசாக ஒரே ஃப்ரேமில், வெட்டில்லாமல் தெரியவேண்டும் என்பதுதான் அவர் விதி; வெட்டினால் உங்கள் நண்பர் சொன்ன 'தந்திரம்' ஆகிவிடும். (செல்பேசிக்காக நெட்டுவாக்கில் வெட்டிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.)

தந்திரக்காட்சி அவருக்குத் தெரியாததல்ல. 1921இன் 'தி ப்ளேஹவுஸ்' படத்தில் ஒரே ஃப்ரேமில் ஒன்பது கீட்டன்கள் ஆடுவார்கள். லென்ஸின் முன்னால் பட்டை பட்டையாகத் திறக்கும் மூடிகள். ஒரு பட்டையை எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பட்டை. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு முறையும் கேமராவின் கைப்பிடியை அதே வேகத்தில் சுற்றவேண்டும். ஒருமுறை பிசகினால் ஒன்பதும் வீண்.

கணக்கில் விட்டுப்போனது கழுத்தை முறித்ததும் உண்டு. 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ரயில் என்ஜினுக்குத் தண்ணீர் விடும் குழாயில் தொங்குவார். தண்ணீரின் வேகத்தை யாரும் அளக்கவில்லை. அது அவரைக் கீழே தள்ளிக் கழுத்துத் தண்டவாளத்தில் மோதியது. சில நாள் தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். எலும்பு முறிந்து தானாகக் கூடியிருப்பது பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

குரல் கதை சுத்தப் பொய். கரகரப்பான, கனமான, நல்ல குரல். பால்யத்திலேயே பெற்றோருடன் மேடையேறியவருக்குப் பேச்சு புதிதா என்ன? எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் நிறுவனத்தில் அவர் நடித்த பேசும்படங்கள் அவருடைய மௌனப்படங்களைவிட அதிகம் வசூலித்தன. போனது குரல் அல்ல, பட்டறை. 1928இல் சொந்த ஸ்டூடியோவை விட்டுவிட்டு எம்ஜிஎம்மில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சக நகைச்சுவை நடிகர்களான சாப்ளினும் ஹெரால்ட் லாய்டும் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. அதுவரை அவர் படத்துக்கு எழுதிய திரைக்கதை கிடையாது. தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுப்பகுதி தளத்தில் பிறக்கும். சிக்கினால் எல்லோரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள். வெளியிடும் முன் ரசிகர்களுக்குப் போட்டுக்காட்டி, சிரிப்பு வராத இடத்தைத் திரும்ப எடுப்பார்கள். எம்ஜிஎம்மில் ஒவ்வொரு பக்கமும் எழுதி ஒப்புதல் வாங்கவேண்டும். அந்த முறையில் சுவர் விழவைக்க முடியாது. குடி, 1932இல் விவாகரத்து, 1933இல் வேலைநீக்கம் என்று மற்றது வேகமாக நடந்தது.

டிவியை அவருடைய வீழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். 1949 டிசம்பரில் நகைச்சுவை நடிகர் எட் வின்னின் நேரலை டிவி நிகழ்ச்சியில், 1917இல் தன் முதல் படத்தில் செய்த வெல்லப்பாகு வாங்கும் காட்சியைத் திரும்பச் செய்தார். அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் சொந்த வாராந்திர நிகழ்ச்சியும் தொடங்கியது. ஆனால் 1920 தொடங்கி மூன்று வருடத்தில் 19 குறும்படம் எடுத்தவரிடம் வாராவாரம் அரைமணி கேட்டால் சரக்கு எங்கிருந்து வரும்? நிலைக்கவில்லை. சிறப்புத் தோற்றங்களும் விளம்பரங்களும் அவருக்குச் சரியாகப் பொருந்தின. ஒரு நிமிட விளம்பரம் ஒரு நகைச்சுவைக்குப் போதுமான நீளம்தானே. 1961இல் 'ட்வைலைட் ஸோன்' தொடரில் ஒரு பகுதி இருக்கிறது, தேடிப் பாருங்கள். மௌனப்படத் துடிப்புக்காக மூன்றில் ஒரு ஃப்ரேமை எடுத்துவிட்டார்கள். அதில் கால்சட்டை இல்லாமல் இன்னொருவர் முதுகை ஒட்டி நடக்கும் இடம், 1920இன் 'தி கராஜ்' படத்திலிருந்து வந்தது. வயது அப்போது 66.

தொப்பி கடையில் கிடைக்காது. அவரே தன் கையால் செய்துகொண்டதுதான். ஃபெல்ட் தொப்பி ஒன்று வாங்கி, மேல்குமிழை வெட்டிக் குட்டையாக்கித் தையுங்கள். ஒரு தேநீர்க் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் குவித்துப் போட்டுக் கரைத்து, விளிம்பின் மேலும் கீழும் நனைத்து, சுத்தமான வழவழப்பான தளத்தில் தட்டையாக அழுத்திக் காயவிடவேண்டும். பலகைபோல விறைத்துவிடும். இது அவர் சொன்ன அளவு. நம் ஊருக்கு இரண்டு திருத்தம்: மழைநாளில் செய்தால் சர்க்கரை பிசுபிசுத்து விளிம்பு தொங்கும், காய்ந்ததும் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் ஆண்டுவிழா அன்று எறும்புகளும் மேடையேறும்.