போலந்து ஊர்ப்பலகையில் ஜெர்மன் பெயர் ஏன்?

ஓபோலே மாகாணத்தில் ‘கூரா ஷ்வியென்தெய் ஆன்னி’க்குக் கீழே ‘சாங்க்ட் அன்னாபெர்க்’ என்றும் எழுதியிருப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: புனித அன்னாள் மலை. 1945 வரை இது ஜெர்மனி. அப்புறமும் ஜெர்மன் குடும்பங்கள் பல இங்கேயே தங்கிவிட்டன. 2005 சிறுபான்மையினர் சட்டத்தால்தான் இரட்டைப் பெயர்ப்பலகை வந்தது.

அணைந்த எரிமலை மேல்தான் ஊரே. உச்சியில் பிரான்சிஸ்கன் மடம். அதன் ஆலயத்தில் இரண்டடி உயர மரச்சிலை ஒன்று: மரியாளும் இயேசுவும் குழந்தைகளாக, மரியாளின் தாயான அன்னாளின் கைகளில். பாட்டியும் மகளும் பேரனும் சேர்ந்த சிலை.

1921 மே மாதம், இப்பகுதியைப் போலந்துடன் இணைக்கப் போராடிய போலந்துக் கிளர்ச்சியாளர்களும் ஜெர்மன் படைகளும் இங்கே மோதினர். அதில் இறந்த ஜெர்மானியருக்காக நாஜிகள் எழுப்பிய நினைவு மண்டபம் 1945இல் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் 1955 முதல் நிற்பது கிளர்ச்சியாளர் நினைவுச்சின்னம். கீழே நாஜிகள் கட்டிய திறந்தவெளி அரங்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.