ஒரு பின்னைத் தொட்டால் பக்கத்துப் பின்னும் தொட்டதாகக் காட்டுகிறதா?
இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் நான்கு டச் பின்கள் (விரல் தொடுவதை உணரும் முனைகள்), அளவு 40-க்குக் கீழே இறங்கினால் தொட்டதாக எடுத்துக்கொள்கிறீர்கள், ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து தொட்டதாகக் காட்டுகிறது என்கிறீர்கள். முதலில் ஒயரைப் பாருங்கள்: நான்கையும் ஒரே கட்டாகக் கட்டி நீளமாக இழுத்திருந்தால் அவை தங்களுக்குள்ளேயே கெப்பாசிட்டர் (மின்னூட்டம் சேமிக்கும் பாகம்) போல ஆகிவிடும், பிரித்துக் குட்டையாக்குங்கள். அப்புறம், எல்லாவற்றுக்கும் 40 என்று ஒரே வரம்பு வைத்தது சரிவராது. தொடாதபோது வரும் அளவு பின்னுக்குப் பின் மாறும், அதனால் போர்டு ஆன் ஆனதும் யாரும் தொடாமல் ஒவ்வொன்றையும் பலமுறை படித்து சராசரி எடுத்து, தொடும்போது அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கிடுங்கள் (இஎஸ்பி32-எஸ்3 வகை என்றால் தொடும்போது எண் கூடும், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்). ஜிபிஐஓ 2 என்ற பின் வேண்டாம், பல போர்டுகளில் அதில்தான் எல்இடி இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு சேர்ந்து வந்தால், தன் சராசரியிலிருந்து அதிக சதவீதம் மாறிய பின்னை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.