இட்லி மாவு வேண்டாம், கிளிஞ்சல் போடுங்கள்

தம்பி, இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து எட்டு மாதம், பின் தோட்டத்தில் மூன்று கோழி விட்டு ஆறு வாரம் என்று எழுதியிருந்தீர்கள். முட்டை ஓடு மெலிசாக வருகிறது, சமையலில் மிஞ்சும் ஓட்டை நொறுக்கிப் போடலாமா, தீவனத்தைப் புளிக்க வைத்துக் கொடுக்கலாமா, சீக்கிரம் புளிக்க ஒரு கரண்டி இட்லி மாவு ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புளிக்க வைக்கலாம். மற்ற இரண்டும் கூடாது. கோழிக்கு ஆகாது என்பதால் இல்லை, இந்த நாட்டுச் சட்டத்துக்கு ஆகாது.

நானும் நாமக்கல் பக்கம்தான். ஊரில் மிஞ்சின சோறு, கழுநீர், காய்த்தோல் எல்லாம் வாசலில் கொட்டினால் கோழி பார்த்துக்கொள்ளும். இங்கே வந்து கோழி வளர்த்த முதல் வருடம் அதே பழக்கத்தில் தயிர்சாதத்தை வேலியோரம் கொட்டினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "இது தப்பு தெரியுமா?" என்றார். வேண்டாத வேலை பார்க்கிறார் என்று நினைத்தேன். விசாரித்தால் அவர் சொன்னதுதான் சரி. 2001இல் இங்கே கோமாரி நோய் பரவி அறுபது லட்சத்துக்கும் மேல் ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். சரியாகக் காய்ச்சாத கழிவு உணவைப் பன்றிக்குப் போட்டதில்தான் அது தொடங்கியிருக்க வேண்டும் என்பது அரசு கண்ட முடிவு. அதிலிருந்து வீட்டு அடுப்படி வழியாக வந்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது. செல்லமாக வளர்க்கும் இரண்டு கோழியானாலும் அதேதான். நாங்கள் சுத்த சைவம் என்று சொல்லியும் தப்ப முடியாது. பால், தயிர், நெய் புழங்கும் அடுப்படிக்கும் இந்தத் தடை உண்டு. முட்டை உங்கள் கோழி போட்டதாகவே இருந்தாலும், அடுப்படிக்குள் போய் உடைந்த பிறகு அந்த ஓடு கோழிக்குத் திரும்ப வரக் கூடாது.

தோட்டத்தில் பறித்த கீரையை நேராகக் கூண்டுக்குக் கொண்டுபோனால் தடையில்லை. அடுப்படியில் அலசிவிட்டுக் கொண்டுபோனால்தான் வம்பு. கேட்க வேடிக்கையாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சரி, ஓட்டுக்கு என்ன செய்வது? நம் ஊர்ப் பண்ணைகளில் தீவனத்தோடு கிளிஞ்சல் கலப்பார்களே, அதேதான். இங்கே ஆய்ஸ்டர் ஷெல் என்று நொறுக்கிய சிப்பி ஓடாக விற்கிறார்கள். அதைத் தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். எது எவ்வளவு வேண்டும் என்று கோழிக்குத் தெரியும். ஒரு ஓடு உருவாக ஏறக்குறைய இருபது மணி நேரம், அதில் பெரும்பகுதி ராத்திரியில். அதனால் சாயங்காலம் அடையப்போகும் முன் கிண்ணம் காலியாக இருக்கக் கூடாது. ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. சாப்பிடுவது முழுக்க உடம்பில் ஒட்டாது என்பதால் ஒரு நாளைக்கு 4 கிராமாவது தேவை. 3.5 முதல் 4 சதம் கால்சியம் உள்ள லேயர்ஸ் பெல்லட்டை (முட்டைக் கோழிக்கென்றே விற்கும் குச்சித் தீவனம்) 120 கிராம் தின்றாலே அது கிடைத்துவிடும். உங்கள் கோழிக்கு ஓடு மெலிகிறது என்றால், பெல்லட்டை விட்டுவிட்டுச் சோளத்தையும் கோதுமையையும் பொறுக்கித் தின்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருடைய வீட்டில் கோளாறு அங்கேதான். கிரிட் என்று விற்கும் சின்னக் கல் வேறு, அது இரைப்பையில் அரைக்க. இரண்டையும் குழப்பிக்கொண்டு கல்லை மட்டும் வாங்கி வைத்து, ஓடில்லாத தோல்முட்டை வருகிறது என்று புலம்பினவன் நான்.

இனி புளிக்க வைப்பது. ஷெட்டில் ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, வெளிக்குழாய்த் தண்ணீர். குளோரின் போக அந்தத் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். ஒரு பங்கு லேயர்ஸ் மேஷ் (அதே தீவனம், தூளாக) போட்டு, அது முங்கி மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றி, மூடியை இறுக்காமல் வையுங்கள். தினம் ஒரு தடவை குச்சியால் கிளறுங்கள். கோடையில் இரண்டு மூன்று நாளில் ஆகிவிடும். பதம் உங்கள் மூக்குக்குத் தெரியும்: பழைய சோற்று நீராகார வாசனை, மேலே சின்னச் சின்னக் குமிழி. இட்லி மாவு இல்லாமலே புளிக்கும், தானியத்திலேயே அதற்கு வேண்டிய கிருமி இருக்கிறது. அடுத்த வாளிக்குப் பழைய வாளித் தண்ணீரில் ஒரு குவளை ஊற்றினால் இன்னும் சீக்கிரம். ஜனவரி குளிரில் ஐந்தாறு நாள் ஆனாலும் அடுப்படிக்குள் கொண்டுவந்து வைக்காதீர்கள். கறுப்பு, பச்சைப் பூஞ்சை தெரிந்தால் மேலே வழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், வாளியோடு கொட்டுங்கள்.

காலையில் தின்று முடிக்கிற அளவு மட்டும் வையுங்கள். மீந்தால் மத்தியானமே எடுத்துவிடுங்கள், எலி வரும். எலி வந்தால் நரியும் சுற்றும், லெஸ்டரில் நரிக்குப் பஞ்சமில்லை. புளித்த தீவனத்தால் முட்டை இரட்டிப்பாகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். நான் கண்டது இரண்டு: தூள் சிந்தி வீணாகவில்லை, கோழியின் எச்சம் கொஞ்சம் இறுகியிருந்தது. அந்த லாபம் எனக்குப் போதும்.

அப்புறம், பதிவு செய்தீர்களா? 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசில் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. பறவைக் காய்ச்சல் வந்தால் அடைத்து வைக்கச் சொல்லும் உத்தரவு அந்த வழியில் உங்களுக்குத் தெரிய வரும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

உடைத்த முட்டை ஓட்டை வீணாக்க மனசில்லை என்றால், ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டியில் பொடித்துப் போடுங்கள். கோழிகள் பண்ணையிலிருந்து வந்த கிழடா, இளசா என்று அடுத்த தடவை எழுதுங்கள். கிழடு என்றால் ஓடு மெலிவது வயதுக் கோளாறு, கிளிஞ்சல் ஓரளவுதான் உதவும்.