எமிலி டிக்கின்சன் கவிதைகளில் ஏன் இத்தனை கோடுகள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞரான டிக்கின்சனைப் புதிதாகப் படிக்கும் பலருக்கு முதலில் எழும் கேள்வி இது. வரியின் நடுவில் அவர் போடும் சின்னக் கோடு (—), நம்மை ஒரு கணம் நிறுத்தி வைக்கும் இடம், அவ்வளவுதான்.

ஏன் நிறுத்த வேண்டும்? அவருடைய பல கவிதைகள் தேவாலயப் பாட்டின் தாளத்தில், எட்டு அசை, ஆறு அசை என்று மாறி மாறி வரும், அப்படியே விட்டால் தாலாட்டு மாதிரி ஓடிவிடும், அந்த ஓட்டத்தைத்தான் கோடு உடைக்கிறது. ஊரிலிருந்து போனில் அம்மா "தாத்தாவுக்கு..." என்று நிறுத்தினால் அடுத்த சொல் வரும்வரை நெஞ்சு படபடக்கும் இல்லையா, அதே வேலைதான். சாவைச் சொல்லும் 'I heard a Fly buzz' என்ற கவிதையில், படுக்கையைச் சுற்றி எல்லோரும் பெரிதாக ஏதோ நிகழும் என்று காத்திருக்க, வருவது ஒரு ஈ! எனக்கு இன்றும் சிலிர்க்கும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம், பதிப்பு முக்கியம். 1890-இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து வந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் சொற்களையும் குறிகளையும் 'திருத்திவிட்டார்கள்'. 1955-இல் வந்த தாமஸ் ஜான்சன் பதிப்பில்தான் கோடுகள் பெருமளவு திரும்பின. கோடுகள் உள்ள பதிப்பையே வாங்குங்கள்.

சுமார் 1,800 கவிதைகளில் உயிரோடு இருந்தபோது அச்சேறியவை பத்து சொச்சம்தான் என்பதால், யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நூற்றுக்கணக்கான கவிதைகளைக் கடிதங்களோடு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அவரே அனுப்பினார்.