என் ஊழியம் யாருக்காக என்றே தெரியவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் சபையில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் ஊழியத்தைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாக ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டது. சமீபத்தில் இன்னொரு சகோதரி இதில் சேர்ந்தார். நன்றாக ஜெபிக்கிறார், பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறார், எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. போதகர் ஆராதனையில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. அதைவிட மோசம், அவர் காய்ச்சலில் படுத்து வராமல் இருந்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒரு குடும்பத்தார் அவருடைய போன் நம்பரைக் கேட்டார்கள், அப்புறம் தருகிறேன் என்றேன், இன்னும் தரவில்லை.

அதிலிருந்து எதைச் செய்தாலும் சந்தேகம்தான். சபையின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் பெருமைக்காகவா, போடாமல் விட்டால் தாழ்மையானவள் என்று பேர் வாங்கவா? ஜெபிக்கும்போதே என் ஜெபம் மற்றவர் காதில் எப்படி விழுகிறது என்று கவனிக்கிறேன். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஊழியம் செய்வதைவிட விட்டுவிடுவதே மேல் என்று தோன்றுகிறது. விடட்டுமா?

ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

விட வேண்டாம்.

பவுல் காவலில் இருந்தபடி பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். சிலர் பொறாமையோடு கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள், அதுவும் தன் கஷ்டத்தைக் கூட்டுவதற்காகவே செய்கிறார்கள் என்று தெரிந்தும், எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்படுகிறார். அதற்காக நோக்கம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று அவர் விட்டுவிடவில்லை, அடுத்த அதிகாரத்திலேயே வீண்பெருமையினால் ஒன்றையும் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கிறார். இரண்டையும் ஒரே மனிதர்தான் எழுதினார். உங்கள் மனம் சுத்தமாகட்டும் என்று எந்த நோயாளியும் காத்துக்கொண்டிருக்க முடியாது.

சுருக்கென்றதையும் அந்த நிம்மதியையும் நான் பெரிதாக எடுக்கவில்லை. மதிப்பு தேடாத மனித மனம் ஒன்றை நான் இதுவரை சந்தித்ததில்லை (ஆலோசகர்களையும் சேர்த்தே சொல்கிறேன்). நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த போன் நம்பர்தான் எனக்கு உறுத்துகிறது. யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான், சபையில் முதல்வனாக இருக்க ஆசைப்பட்டவன். அவன் ஆசையோடு நிற்கவில்லை, சகோதரர்களை ஏற்றுக்கொள்ளாமல், ஏற்றுக்கொள்ள நினைத்தவர்களையும் தடுத்து சபைக்கு வெளியே தள்ளினான் என்று யோவான் எழுதுகிறார். பொறாமை மனதுக்குள் வந்து போவது வேறு, அது கைக்கு வந்து இன்னொருவர் வழியை அடைப்பது வேறு. உள்நோக்கத்தை மனதைக் குடைந்து குடைந்து கண்டுபிடிக்கவே முடியாது, குடைகிற நேரமெல்லாம் நீங்கள் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கை என்ன செய்கிறது என்று பாருங்கள், அது சீக்கிரம் தெரிந்துவிடும். இன்றைக்கே அந்த நம்பரை அனுப்பிவிடுங்கள். மனம் சரியான பிறகு அனுப்பலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், கசப்போடு அனுப்பினாலும் அவர்களுக்கு அது போய்ச் சேரும்.

அப்புறம் அந்தப் படங்கள். 1973-ல் மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு பிரபலமானது. படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் இருந்த சின்னக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாமல் விட்டபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். நீங்களும் ஆசையோடுதானே தொடங்கினீர்கள்? ஒவ்வொரு சந்திப்பும் பாராட்டை எதிர்பார்த்தே முடிந்தால் அந்தப் பழைய ஆசை கரைந்துபோகும் என்பதுதான் என் கவலை. அதனால் கொஞ்ச காலத்துக்குப் படமே போடாதீர்கள். தாழ்மையைக் காட்டவா என்ற அடுத்த கேள்வி எழுந்தால் எழட்டும், பதில் தேட வேண்டாம். நோயாளியின் அனுமதியில்லாமல் அவர் படுக்கையைப் படமெடுத்துப் போடுவது எப்படியும் சரியில்லை, நோக்கத்தை ஆராயாமலே நிறுத்துவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

அடுத்த சந்திப்புக்கு அந்தச் சகோதரியையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஜெபத்தை அவரே நடத்தட்டும். முதல் சில தடவை எரிச்சலாகத்தான் இருக்கும். நீங்கள் இல்லாவிட்டாலும் அந்த நோயாளிக்கு ஆறுதல் கிடைக்கும் என்று நேரில் பார்ப்பது உங்கள் பெருமைக்கு அடி, ஆனால் நோயாளிக்கு நல்லது. ஒரே ஆள் வந்தால்தான் நிம்மதி என்று நம்பிவிட்டவர், அந்த ஆள் வராத வாரத்தில் தவித்துப்போவார்.

கடைசியாக ஒன்று. இந்தச் சந்தேகம் ஊழியத்தைப் பற்றி மட்டும்தானா? எதைச் செய்தாலும் பாவமோ என்று நாள் முழுக்க ஓடி, திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் நிம்மதி வராமல், தூக்கத்தையும் கெடுக்கிறதென்றால் அது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாக இருக்கலாம், பக்தியுள்ளவர்களுக்கு அது சில சமயம் இந்த வேஷத்திலும் வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. அப்படியிருந்தால் போதகரிடம் மட்டும் பேசிவிட்டு நிறுத்தாமல், ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள்.